நான் பேசாத விளம்பரம்

ஆவடி மார்க்கெட்டில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, நான் பேசுவது எனக்கே கேட்டது. ஒலிபெருக்கி கட்டிய விளம்பர ஆட்டோ ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. "அக்கா, ஒரு நிமிஷம்! சர்க்கரைக்கு இனிமே மாத்திரை எதுக்கு? இந்தப் பொடி போதும்!"

குரல் என்னுடையது. ஆனால் அதை நான் பேசவே இல்லை.

விளம்பர ஆட்டோக்களுக்குக் குரல் கொடுப்பது என் தொழில். துணிக்கடை, பர்னிச்சர் கடை, பள்ளிக்கூட அட்மிஷன் எல்லாம் பேசியிருக்கிறேன். மருந்து மட்டும் பேச மாட்டேன். என் அப்பா சர்க்கரை நோயில் காலை இழந்தவர். 'அக்கா, ஒரு நிமிஷம்' என்று சொல்லிவிட்டு, மூச்சை இழுத்துக் கொஞ்சமாகச் சிரிக்கிறேனே, அது யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. வேலையாக இருக்கும் பெண் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டுமே என்று, குக்கர் விசிலுக்கு நடுவே பேசிப் பேசி நானே உண்டாக்கியது. ஆட்டோவில் அந்தச் சிரிப்பும் அப்படியே இருந்தது.

கொரட்டூரில் நான் வழக்கமாகப் பேசும் ஸ்டுடியோவின் உரிமையாளர், போன வருடம் புது மைக்கைச் சோதிக்க வேண்டும் என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வரிகள். கோபமாக, கெஞ்சலாக, சிரித்துக்கொண்டே என்று விதவிதமாகப் படிக்கச் சொன்னார். ஒரு வரி சரியாக வரவில்லை என்று நானே கேட்டு வாங்கி மறுபடி படித்தேன். அந்த மைக் எதைச் சோதித்தது என்று மார்க்கெட்டில் நின்றபோதுதான் புரிந்தது.

நேராகப் போய்ச் சண்டை போட்டேன். அவர் டீயைக் கீழே வைக்கவில்லை.

"இன்னாம்மா, கொரலுக்குப் பட்டா கீதா உன்கிட்ட? நீ பேசுனத கம்ப்யூட்டர் கத்துக்கிச்சு. இப்போ பேசறது அது. உன்னிய யாரு இன்னா பண்ணாங்க?"

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் கொஞ்சம் பேசிப் பதிவு செய்து தாருங்கள் என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாயைத் திறந்தால் திருடனுக்குத் தீனி, மூடினால் பிழைப்புப் போச்சு. இனி எந்தக் கருவியிலும் பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். வந்த வேலைகளைத் தட்டிக் கழித்தேன். அறிமுகமில்லாத எண்ணிலிருந்து போன் வந்தால், எடுத்துவிட்டு ஊமை மாதிரி நின்றேன். ஃபேக்டரியிலிருந்து திரும்பிய கணவர், "வீடு இப்பதான் அமைதியா இருக்கு" என்று கிண்டல் செய்தார். அன்று அவரோடும் பேசவில்லை.

அப்போதுதான் எங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சர்க்கரை எக்கச்சக்கம் என்றார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்ததும், "மாத்திரை போடலியா அக்கா?" என்றேன்.

"நீதான கண்ணு வோணாம்னு சொன்ன? ஆட்டோல. நம்ம பக்கத்தூட்டுப் பொண்ணு பேசறா, பொய்யா சொல்லுவான்னு பொடி வாங்கிக்கினு வந்தேன்."

அது நானில்லை, மிஷின் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அழுகையில் வார்த்தை தடுமாறியது. அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"ஆட்டோல எவ்ளோ தெகிரியமா சொன்ன! இப்போ அழுதுகினே சொல்ற. எத்த நம்பறது?"

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். வாயில் போடவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். "அக்கா, ஒரு நிமிஷம்! மாத்திரையை விட்டுடாதீங்க. பொடியைத் தூக்கிப் போடுங்க!"

அவர் முகம் மலர்ந்தது. மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதே மேரி இதுல பேசிக் குடு கண்ணு. தெனம் போட்டுக் கேட்டுக்கினே முழுங்கறேன். அந்தப் பொடிய வாங்குன எல்லாருக்கும் அனுப்பி வுடறேன்."

போன் என் வாய்க்கு நேராக இருந்தது. அதில் போவது எங்கெல்லாம் போகும், யார் எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

பேசினேன். வழக்கமான இடத்தில் மூச்சை இழுத்துச் சிரிக்கவும் செய்தேன்.