கோப்பு அட்டையில் ஒரு குரல்வழி

அந்த அரசு அலுவலகத்தில் எல்லாரும் அவளை ‘விசாரணை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலை ஒட்டிய விசாரணை ஜன்னல் அவளுடைய இடம். வருகிறவர்களை மாடிக்கு அனுப்புவாள். மாடிக்காரர்கள் பின்கட்டுக்கு அனுப்புவார்கள். பின்கட்டு மறுபடி இவளிடமே திருப்பிவிடும். “என்னம்மா, எங்களை வெச்சுப் பந்து விளையாடுறீங்களா?” என்று ஒரு பெரியவர் கேட்டபோது அவளுக்குச் சுருக்கென்றது. அன்று வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

கை சும்மா இருக்காத பிறவி அவள். ஜெம் கிளிப் கிடைத்தால் குருவியாக வளைத்துவிடுவாள். அலுவலகம் கணினிக்கு மாறி, பழைய கோப்பு அட்டைகளைக் கழித்துக்கட்டியபோது மேலதிகாரியான சூப்பரண்டிடம் போய் நின்றாள்.

“சார், இந்த அட்டையெல்லாம் நான் எடுத்துக்கட்டுமா?”

“எதுக்கும்மா, அடுப்பெரிக்கவா?”

“ஒரு குழாய் செய்யணும் சார்.”

அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எடுத்துக்கோங்க” என்றார்.

வீட்டுக் கூடம் குப்பைமேடாயிற்று. அட்டைகளைச் சுருட்டி, கோப்பு நாடாவால் இறுக்கிக் கட்டி, ஒன்றோடொன்று கோத்தாள். ஒரு முனையில் பேசினால் மறுமுனையில் கேட்க வேண்டும்; அதுதான் எண்ணம். வழி நெடுக, தேய்ந்துபோன ரப்பர் ஸ்டாம்புகளால் ‘பரிசீலனையில்’, ‘நேரில் வரவும்’ என்று குத்தித் தள்ளினாள்.

“அண்ணி, இதுக்குள்ள பாம்பு குடிவந்துடப் போகுது” என்று நாத்தனார் சிரித்தாள். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் கணவன் சிரிக்கவில்லை. குழாய் தொய்வதைப் பார்த்து, இரும்பில் தாங்கிகள் செய்துகொண்டு வந்தான். குரல்தான் தகராறு செய்தது, வளைவுகளில் அமுங்கிப்போயிற்று. பிரித்தாள், வளைவை அகட்டினாள், மறுபடி கட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அதிலேயே கரைந்தன.

நகரின் கலைக்கூடத்தில் புதியவர்களுக்கென ஒரு கண்காட்சி அறிவித்தார்கள். புகைப்படம் அனுப்பினாள், கூப்பிட்டுவிட்டார்கள். பொறுப்பாளராக இருந்த இளம்பெண்ணுக்குக் குழாய் ரொம்பப் பிடித்தது. ஆனால் ஒரு யோசனை சொன்னாள்.

“நடுவுல அடைச்சிடலாமே அக்கா. குரல் போய்ச் சேராம இருந்தாத்தானே ஆபீஸ் மாதிரி இருக்கும்?”

“சேராம போறதை ஜனங்க தினமும் பாக்குறாங்கம்மா. அதைப் பாக்க இவ்வளவு தூரம் வரணுமா? என் குழாயில சேரட்டும்.”

பொறுப்பாளர் ஒப்புக்கொண்டாள். “சரிக்கா, இது உங்களுது. உங்க இஷ்டம்.”

திறப்பு நாளன்று சூப்பரண்டு குடும்பத்தோடு வந்தார். அறை அறையாகச் சுற்றி வந்த குழாயின் கடைசி வாயில் காதை வைத்தார். முதல் அறையிலிருந்து யாரோ ஓர் அம்மாள் விளையாட்டாகக் கூப்பிட்டது தெளிவாக வந்து விழுந்தது.

“ஐயா, யாராச்சும் இருக்கீங்களா?”

அவர் தன்னை அறியாமல் குழாயில் வாயை வைத்து, “இருக்கேம்மா, சொல்லுங்க!” என்றார்.

அந்தப் பக்கம் கைதட்டல் வெடித்தது. அவர் வெட்கச் சிரிப்போடு நிமிர்ந்து, பக்கத்தில் நின்ற அவளிடம், “என்னையே பேச வெச்சிட்டீங்களேம்மா” என்றார். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கணவனோ, கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து நிறுத்தி, “தாங்கி மட்டும்தான் நான். மத்ததெல்லாம் எங்க வீட்டம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

கண்காட்சி முடிந்ததும், குழாயை அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வதென்று முடிவானது. பெயர்ப்பலகைக்காகப் பொறுப்பாளர் கேட்டாள்: “பேருக்குக் கீழ ‘கலைஞர்’னு போட்டுடட்டுமா அக்கா?”

“‘விசாரணைப் பிரிவு எழுத்தர், கலைஞர்’னு ரெண்டையும் போடும்மா. அந்த ஜன்னல்ல உக்காராம இருந்தா இது எனக்குத் தோணியிருக்காது.”

பலகை மாட்டிய அன்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். எழுத்து எழுத்தாகப் படித்தாள். பலகை நேராகத்தான் இருந்தது. இருந்தாலும் முந்தானையால் ஒருமுறை துடைத்து, இன்னும் கொஞ்சம் நேராக்கி வைத்தாள்.