பாதிரியார் தமிழில் பேசிய ஞாயிறு

கல்லூரி மாணவர்களின் ஆத்துமாக்களை மீட்கவென்றே வெள்ளைக்காரப் பாதிரியார் கண்டியில் ஒரு தேவாலயம் கட்டினார். அவருடைய ஆங்கிலப் பிரசங்கத்துக்கு வாங்குப் பலகைகள் வாராவாரம் நிரம்பி வழிந்தன.

பூரித்துப்போனவர் இன்று அறிவித்தார்: "பிள்ளைகளே, இனிப் பிரசங்கம் தமிழில்தான். உங்கள் இருதயத்துக்கு நேரே போய்ச் சேரும்."

முதல் பாட்டு முடிவதற்குள் எல்லாரும் நழுவிவிட்டார்கள். நான் மட்டும் மிஞ்சினேன்.

"எங்கே போனார்கள்?"

"அவுங்க இங்கிலீஸ் பழக வந்தவுங்க, ஐயா. கோப்பித் தோட்டத்துல கிளாக்கர் வேலைக்கு அது வேணுமில்லீங்களா?"

அவர் கண் கலங்கியது. "நீ ஒருவனாவது விசுவாசத்தில் நிலைத்தாயே! அடுத்த ஞாயிறு உனக்கு ஞானஸ்நானம்."

தோட்டத்துத் துரையிடம் அவர் எனக்காகச் சிபாரிசு செய்யட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அதை எப்படிச் சொல்வது?

நழுவிய நண்பர்களே, ஞானஸ்நானத்துக்குப் புதுப் பெயர் ஒன்று சொல்லுங்கள். துரையின் வாயில் சுலபமாக நுழைய வேண்டும்.