இல்லாத மனைவிக்குச் சான்றிதழ்

தலை நரைக்கிற வரைக்கும் ஒருத்தியும் கிடைக்காதவன் நான். கடைசியில் ஒருத்தி கிடைத்தாள். அவளைக் கட்டிக்கொள்ளப் போனால், உனக்குத்தான் ஏற்கெனவே பெண்டாட்டி இருக்கிறாளே என்றது சர்க்கார்.

ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் துணி துவைக்கும் பெரிய மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அவள் அதே கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். வேற்று நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவள். ஒருநாள் ஒரு மெஷின் தடதடவென்று ஆடியது. மூன்று தடவை கழற்றி மாட்டியும் நிற்கவில்லை. அவள் வந்து கதவைத் திறந்து, பாதித் துணியை அள்ளி வெளியே போட்டாள். "நெறைய துணி," என்றாள். மெஷின் பூனை மாதிரி ஓடியது. என் இருபது வருஷ அனுபவம் அந்த இடத்திலேயே கூனிக்குறுகிப் போனது. நானும் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன்.

அவளுடைய வேலை அனுமதி ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிவதாக இருந்தது. அதற்குள் திருமணம் பதிவானால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டியதுதான். மறுபடி வர எத்தனை வருஷம் ஆகுமோ, யாருக்கும் தெரியாது. அந்த வாரம் திங்கட்கிழமை காலையிலேயே பதிவு அலுவலகத்துக்குப் போனோம்.

அவள் கோப்பு தலையணை கனம். மணமாகாதவள் என்ற சான்றிதழ், அதற்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை, போலீஸ் கடிதம் எல்லாம் வரிசையாக இருந்தன. நான் கொண்டுபோனது இரண்டு போட்டோ, ஒரு அக்கா. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று சாட்சி சொல்ல அக்கா வந்திருந்தாள்.

"இதுக்கு சாட்சி வேறயாடா? உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியாதா?" என்றாள்.

கவுன்ட்டரில் கண்ணாடி போட்ட ஒரு மேடம். என்னவளின் கோப்பில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல், என் விவரத்தைக் கம்ப்யூட்டரில் தட்டினார்.

"சார், உங்களுக்குத்தான் ஏற்கெனவே மனைவி இருக்காங்களே."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "இவனுக்கா? நல்லா பாருங்க மேடம், வேற யாராவது இருக்கும்."

"பதினாறு வருஷத்துக்கு முந்தி முகவரிப் பதிவுல இவரே எழுதிக் கையெழுத்து போட்டிருக்காரு. பேரு கூட இருக்கு." பேரை வாசித்தார். வாசித்துவிட்டுத் திரையைப் பார்த்தார், சாட்சிக்காக வாங்கி வைத்திருந்த அக்காவின் அடையாள அட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"இது நீங்கதானேம்மா?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "டேய், என்னத்தடா எழுதித் தொலைச்ச?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் தனி ஆளுக்கு யாரும் வீடு தரவில்லை. அதனால் மனைவி வெளியூரில் வேலை பார்க்கிறாள், மாற்றல் கிடைத்ததும் வந்துவிடுவாள் என்று ஒரு வீட்டுக்காரம்மாவிடம் புளுகினேன். பதிவுப் படிவத்தை அந்தம்மா முன்னாலேயே நிரப்ப வேண்டியதாயிற்று. மனைவி பேர் என்ற இடத்தில் பேனா நின்றது. எனக்குத் தெரிந்த பெண்பிள்ளைப் பேர் மொத்தம் இரண்டு. அம்மா பேரை மேல்வரியில் அம்மாவுக்கே எழுதியாயிற்று. மிச்சம் இருந்தது அக்கா.

இவ்வளவு பேச்சில் என்னவளுக்குப் புரிந்தது ஒரே வார்த்தை.

"உங்களுக்கு மனைவி இருக்கு?"

"இல்ல, இல்ல! அது அக்கா."

"அக்கா, மனைவி?"

கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மேடம் அசரவில்லை. "விவாகரத்துத் தீர்ப்பு, இல்ல இறப்புச் சான்றிதழ். ரெண்டுல ஒண்ணு கொண்டாங்க சார்."

"பொறக்காதவளுக்கு எப்படி மேடம் இறப்புச் சான்றிதழ்?"

"அப்போ அந்த வீட்ல மனைவின்னு யாரும் குடியிருக்கலன்னு வீட்டு ஓனர் நேர்ல வந்து எழுதித் தரணும். உங்க அக்காவும் எழுதணும்."

செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்கு ஓடினேன். காலி செய்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்காரம்மா கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "வாப்பா. அவளுக்கு மாத்தல் கிடைச்சுதா?"

தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னேன்.

"அப்போ ஒன்பது வருஷமா நான் யாரைத் திட்டினேன்? புருஷன இப்படித் தனியா விட்டுட்டு அப்படி என்ன வேலைன்னு கரிச்சுக் கொட்டினேனே! உனக்காகக் கண்ணீர் விட்டிருக்கேன்டா, படுபாவி!"

கதவு முகத்தில் அறைந்தது. புதன்கிழமை போனேன். அன்றைக்கு அது திறக்கவே இல்லை.

சலவைக்கூடத்திலும் அதே கதைதான். அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமல் இஸ்திரி போட்டாள். ஓரத்தில் அவள் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. வியாழக்கிழமை வேலை முடிந்ததும் என் எதிரே வந்து நின்றாள்.

"அந்த அம்மா வீடு காட்டுங்க. நான் கேக்கணும். நீங்க பேச வேண்டாம்."

கூட்டிப்போனேன். கதவு திறந்தது, அவள் உள்ளே போனாள். நான் பின்னாலேயே போகப் பார்த்தேன்.

"நீ வெளிய நில்லு!" என்றார் வீட்டுக்காரம்மா.

மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன். முதலில் உள்ளே சத்தமே இல்லை. பிறகு வீட்டுக்காரம்மாவின் குரல். பிறகு இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். என்னைப் பற்றித்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சிரித்தால் சரி என்று நின்றுகொண்டிருந்தேன்.

வெளியே வந்த வீட்டுக்காரம்மா என்னைப் பார்க்காமலே கேட்டார், "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் ஏகப்பட்ட கூட்டம். வீட்டுக்காரம்மாவுக்கு மெதுவாகப் பேசி வழக்கமில்லை.

"ஒன்பது வருஷத்துல இவன் வீட்டு வாசப்படிய ஒரு பொம்பள மிதிச்சதில்ல மேடம். அந்த வீட்ட வச்சிருந்த லட்சணத்துக்கு எவ வருவா? மிதிச்சிருந்தாலும் அடுத்த நிமிஷம் ஓடியிருப்பா."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மேடம் அதைச் சுருக்கி ஒரே வரியில் எழுதிக்கொண்டார். அடுத்து அக்கா, 'நான் இவனுடைய மனைவி இல்லை' என்று தன் கைப்பட எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டாள். ஒரு கோடு போதும் என்றார் மேடம்.

நாலே முக்காலுக்கு மனைவி பேர் அழிந்தது. ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது புதுப் பேர் ஏறியது. கையெழுத்துப் போடும் முன்னால், மனைவி பேர் என்ற இடத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

அக்காவையும் வீட்டுக்காரம்மாவையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாங்கள் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தோம்.

"நேத்து உள்ள என்ன பேசினீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அந்த அம்மா சொன்னாங்க, நீங்க ஒரு பொய் சொல்லி, அது வச்சு ஒன்பது வருஷம் கஷ்டப்படுற ஆளு. ரெண்டாவது பொய் சொல்லத் தெரியாது." பதிவுத்தாளை விரித்து ஒரு இடத்தில் விரல் வைத்தாள். "என்கிட்ட நாப்பத்து மூணு வயசு சொன்னீங்க. இதுல நாப்பத்தெட்டு."

தெருவைப் பார்த்தேன். பஸ் ஒன்றும் வரவில்லை.

"வேற என்ன இருக்கு? இப்பவே சொல்லுங்க."

முன்பல் இரண்டும் கட்டினது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அப்புறம் வந்த இரண்டு பஸ்களை விட்டுவிட்டோம்.