கேட்டை ஏந்த ஒரு குட்டிநாய்

பெர்பெத்துவாவுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று பிலிப்பைன்ஸின் லிபா ஊர்ச் சந்தைப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அது பாதிதான் உண்மை. பிடிக்காமல் போகும் அளவுக்கு அவள் யாரையும் பொருட்டாக எண்ணியதில்லை.

சந்தைக்குப் பின்னால் லோமிக் கடை வைத்திருந்தாள். கரண்டியை நட்டால் நிற்கும் கெட்டிக் குழம்பு, அதில் விரல் தடிமன் நூடுல்ஸ், மேலே ஈரல் துண்டுகளும் பன்றித்தோல் வறுவலும். வாயில் வைப்பதற்கு முன்பே சோயா சாஸ் புட்டியைத் தூக்குகிறவர்களைக் கண்டால் அவளுக்குக் கண் சுருங்கும்.

"வாயிலேயே வெக்கல, அதுக்குள்ள உப்பு பத்தலைன்னு எப்படித் தெரிஞ்சுது? கனவுல வந்து சொன்னாங்களா?"

திட்டு வாங்கியவர் சிரிப்பார். மறுநாளும் வருவார். ஜீப்னி என்ற சிற்றுந்தை ஓட்டுகிறவர்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனை முதல்முறை அங்கே கூட்டி வருவதே அவன் என்ன திட்டு வாங்குகிறான் என்று பார்க்கத்தான்.

அப்பாவும் அம்மாவும் ஒரே பேருந்து விபத்தில் போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. தம்பி காவுதென்சியோவுக்கு, வீட்டில் தென்சியோ, ஆறு. துக்கம் கேட்க வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். தம்பியை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்ததும் ஒவ்வொருவருக்கும் கடைசி ஜீப்னி நினைவுக்கு வந்தது. அன்றைக்குத் தொடங்கிய இளக்காரம்தான் பிறகு ஊர் முழுவதற்கும் விரிந்தது. ஒரு பானையை வைத்துக்கொண்டு லோமி கிண்டத் தொடங்கினாள். தம்பியைக் கப்பல் பள்ளிக்கூடம் வரைக்கும் படிக்க வைத்தாள். நடுவில் அவளைப் பெண் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் சாப்பாட்டு மேசையில் நகம் வெட்டினான். இன்னொருவன் கிதாரோடு வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று பாடினான். இரண்டாவது பாட்டுக்கு அவள் ஜன்னலைத் திறந்தாள். "பாத்திரம் கழுவின தண்ணிய ஊத்தப் போறேன், கொஞ்சம் தள்ளி நின்னு பாடுங்க" என்றாள்.

தம்பி கப்பலில் இயந்திர அறைக்காரன் ஆனான். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. மாரிவிக்கைக் கட்டினான். தேயா பிறந்தாள். எல்லோரும் லோமிக் கடையை ஒட்டிய வீட்டில்தான் இருந்தார்கள். தம்பியையும் பெர்பெத்துவா பெரிதாக மதித்தாள் என்று சொல்ல முடியாது. "எங்க சாய்ச்சு வெச்சாலும் தூங்கறவன்" என்பது அவனைப் பற்றிய அவள் சுருக்கமான முடிவு. ஆனால் தேயாவின் கிண்ணத்தில் மட்டும் ஈரல் எப்போதும் நாலு துண்டு கூடுதலாகக் கிடக்கும். ஏன் என்று கேட்கிற துணிச்சல் யாருக்கும் இல்லை.

போன வருடம் அந்த வீட்டில் டியூக் என்று ஒரு சிஹுவாஹுவா இருந்தது. கோழிக்குஞ்சு அளவுக்கு உடம்பு, அதைவிடப் பெரிய காது. ஒரு காலை அது துணி துவைக்கும் கல்லருகே செத்துக் கிடந்தது. அன்று சாயங்காலமே தென்சியோவின் கப்பலில் இயந்திர அறை தீப்பிடித்ததாகவும், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் செய்தி வந்தது.

அவ்வளவு போதும் ஊருக்கு. வீட்டுக்காரருக்கு வரவிருந்த கேட்டை வளர்ப்புப் பிராணி தன் மேல் ஏந்திக்கொண்டு போய்விடும் என்பது அங்கே குழந்தைக்குக் கூடத் தெரியும். எதிர்வீட்டு நத்திவிதாத் ஒரு மெழுகுவர்த்தியோடு வந்து, "உங்க தென்சியோவுக்கு வந்தத நாய் ஏந்திக்கிச்சு மாரிவிக். தங்கமான நாய்" என்று மூக்கைச் சிந்தினாள். உயிரோடிருந்தபோது அதே தங்கத்தைத் துடைப்பத்தால் அடித்தவள் அவள். மாரிவிக், டியூக்கின் படத்துக்கு இரண்டு சிறகு ஒட்டி, தலைக்கு மேல் ஒளிவட்டம் வைத்து, பேஸ்புக்கில் போட்டாள். நானூறு பேர் அழுதார்கள்.

மறுநாள் வீட்டைப் பெருக்கியது பெர்பெத்துவாதான். கட்டிலுக்கு அடியில் துடைப்பம் ஒரு பையை இழுத்து வந்தது. தென்சியோ பெட்டி போட்டு அனுப்பிய வெளிநாட்டுச் சாக்லேட். மாரிவிக் அதைப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. திருவிழாவுக்கு வரும் விருந்தாளிகளின் கண்ணில் படவேண்டும் என்று ஒளித்து வைத்திருந்தாள். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், வெளுத்துப் பூத்துப் போகும்வரை சாக்லேட் கட்டிலடியில் காத்திருக்கும். பையின் ஓரம் கடித்துக் கிழிக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. தங்கக் காகிதங்களில் சின்னச் சின்னப் பல் தடம். சாக்லேட் நாய்க்கு விஷம் என்று பெர்பெத்துவாவுக்குத் தெரியும்.

காகிதங்களை அள்ளி லோமி அடுப்பில் போட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் மாரிவிக் மூன்று நாள் அழுவாள், அதை யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும். நத்திவிதாத் நம்பப் போவதும் இல்லை. சிறகு முளைத்த நாய்தான் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது தென்சியோ மறுபடி கப்பல் ஏற வேண்டும். அதற்குள் வீட்டுக்கு ஒரு நாய் வந்தாக வேண்டும் என்று மாரிவிக் ஒற்றைக்காலில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் பேச்சு அதுதான்.

"பொமரேனியன் வாங்கலாம் அண்ணி. பஞ்சுமூட்டை மாதிரி இருக்கும்."

"நம்ம ஊரு வெயில்ல பஞ்சுமூட்டைக்கு ஏசி யாரு போடுவா? உனக்கே மின்விசிறி ஒண்ணுதான் ஓடுது."

"அப்ப ஷிட்சூ எடுக்கலாம்க்கா" என்றான் தென்சியோ. "எங்க கேப்டன் வீட்டுல ரெண்டு இருக்கு."

"கேப்டன் வீட்டுல முடி சீவிவிட ஆள் இருக்கும். இங்க உன் தலைய நீயே சீவறதில்ல. சூப்புக்குள்ள மூஞ்சிய விட்டு எடுத்தா அது தாடியில நூடுல்ஸ் தொங்கும். என் கடைக்கு அதான் அழகு."

"அப்ப நீங்களே சொல்லுங்க அண்ணி, எந்த ஜாதி?"

"தெருவுல இருக்கே, அந்த ஜாதி. தானா தின்னும், தானா படுக்கும்."

"தெருநாயா!" மாரிவிக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "பார்க்கறவங்க என்ன சொல்வாங்க?"

"நாய்னு சொல்வாங்க."

அதுவரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்த தேயா நிமிர்ந்தாள். ஒன்பது வயதுக்கு மெலிந்த பிள்ளை. "இதுல எது ரொம்ப வருஷம் இருக்காது?" என்று கேட்டாள்.

"கவலையே படாத செல்லம்" என்றான் தென்சியோ. "சின்ன ஜாதி எல்லாமே பதினாலு பதினஞ்சு வருஷம் இருக்கும்."

பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. பெர்பெத்துவா அதைப் பார்த்தாள். எதற்கு என்று புரியவில்லை.

நாய்க்குட்டி விற்கும் வென்செஸ்லாவின் வீட்டுக்கு நால்வரும் போனார்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொல்லைப்புறம் முழுக்கக் கம்பிக்கூண்டு. வங்கியில் கடன் கேட்டு வந்தவர்களை வரவேற்ற அதே சிரிப்போடு நாய் வாங்க வந்தவர்களையும் வரவேற்றார்.

"எங்ககிட்ட இருக்கறது எல்லாம் வெளிநாட்டு வம்சம். இதோட தாத்தா கொரியாவுல கோப்பை வாங்கினவர்."

"தாத்தாவா விக்கறீங்க?" என்றாள் பெர்பெத்துவா.

"வம்சம் முக்கியம் அம்மா."

பெர்பெத்துவா தேயாவைக் காட்டினாள். "இவ தாத்தா பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சவர். அதுக்காக இவளுக்கு யாரும் சில்லறை குடுக்கறதில்ல. பல்லைக் காட்டச் சொல்லுங்க."

வென்செஸ்லாவ் தன் பல்லைக் காட்டினார். "உங்களது இல்ல, நாயோடது" என்றாள்.

மாரிவிக் ஒரு பொமரேனியனை மடியில் போட்டுக்கொண்டு, தென்சியோவைப் படம் எடுக்கச் சொன்னாள். தேயா எந்தக் குட்டியையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கூண்டாகப் பார்த்துக்கொண்டே போனவள், கடைசிக் கூண்டின் முன்னால் நின்றாள். அங்கே ஒரு ஷிட்சூ குட்டி மூலையில் சுருண்டு கிடந்தது. மூக்கில் சளி ஒழுகியது. கண் பீளை கட்டியிருந்தது.

"இது போதும்" என்றாள் தேயா.

"அது கொஞ்சம்..." வென்செஸ்லாவ் இழுத்தார். "குட்டிகளுக்கு இந்தச் சளியெல்லாம் சகஜம். பிள்ளை ஆசைப்பட்டா குறைச்சுத் தரேன்."

பெர்பெத்துவா முழங்காலை மடக்கிக் குந்தினாள். "ஏன்டி, கண்ணு தெரியலையா? இது நோஞ்சான். பத்து நாள் தாங்காது."

"தெரியும் அத்தை." பிள்ளை குரலைத் தாழ்த்தினாள். "நல்லா இருக்கற குட்டிய எடுத்தா பாவம் இல்ல? இது எப்படியும் செத்துடும். அப்பா கப்பல்ல இருக்கறப்ப செத்தா அப்பாவுக்கு வர்றத ஏந்திக்கும். பதினஞ்சு வருஷம் சாகாத நாயா இருந்தா அப்பாவ யாரு காப்பாத்துவா?"

பெர்பெத்துவா கூண்டிலிருந்து கண்ணை எடுத்துப் பிள்ளையைப் பார்த்தாள்.

"நான் இதுகிட்டப் பேச மாட்டேன். பேரும் வெக்க மாட்டேன். அப்பத்தான் எனக்குப் பிடிக்காது" என்றாள் தேயா. பின்னால் கட்டிய கையை அவிழ்க்கவே இல்லை.

இளக்காரமாகப் பார்ப்பதற்கு ஆள் தேடி பெர்பெத்துவா ஒருபோதும் அலைந்ததில்லை. அன்றைக்கு முதல் ஆளாக அவளே நின்றாள். முட்டாள்தனத்தை அதன்போக்கில் விட்டுவிட்டால் அது தெருவிலேயே கிடக்கும் என்று நினைத்திருந்தாள். அது வீட்டுக்குள் வந்து, பிள்ளையின் தலைமேல் ஏறி, ஒரு வருடமாக உட்கார்ந்திருக்கிறது.

எழுந்தாள். "மாரிவிக், அந்தப் பஞ்ச கீழ வெச்சுட்டு வா. தென்சியோ, நீயும்."

இருவரும் வந்தார்கள். வென்செஸ்லாவும் வந்தார், அவரை யாரும் கூப்பிடவில்லை.

"தேயா, கேளு. டியூக் எதையும் ஏந்தல. உங்கம்மா திருவிழாவுக்குன்னு கட்டிலடியில ஒளிச்சு வெச்ச சாக்லேட்ட ஒரு பை முழுக்கத் தின்னுச்சு. நாய்க்கு அது விஷம். தங்கக் காகிதத்தை நான்தான் பெருக்கி அடுப்புல போட்டேன். தன் வாயக் காத்துக்கத் தெரியாத நாயி, ஏழு கடல் தாண்டி உங்கப்பனக் காத்துச்சாக்கும்!"

மாரிவிக்கின் முகம் சிவந்தது. "அண்ணி! முன்னப்பின்ன தெரியாதவங்க முன்னாடி என்ன பேச்சு இது? அப்ப நான்தான் கொன்னேனா? தெரிஞ்சுக்கிட்டே ஒரு வருஷமா வாய மூடிட்டு இருந்தீங்களே, நான் அதுக்குச் சிறகெல்லாம் ஒட்டி..."

"மூடிட்டு இருந்தது என் தப்பு. வீட்டுக்குப் போனதும் திட்டு, உக்காந்து கேக்கறேன். இப்ப பிள்ளையப் பாரு. செத்துப்போகட்டும்னு இந்த நோஞ்சானை வாங்கிட்டுப் போக நிக்கறா, அவ அப்பனுக்காக."

மாரிவிக் பிள்ளையைப் பார்த்தாள்.

"அப்ப தீப்பிடிச்சப்ப அப்பா எப்படித் தப்பிச்சாங்க?" தேயா கேட்டாள். நம்புவதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

"அத உங்கப்பன்கிட்டயே கேளு."

தென்சியோ தலையைச் சொறிந்தான். ஊருக்கு வந்ததிலிருந்து தெருவில் எல்லோரும் அவன் தோளைத் தொட்டு, கடவுள் காத்த பிள்ளை என்று சொல்லி வந்ததில் அவனுக்கும் கொஞ்சம் சுகம் இருந்தது. "அது... அப்ப எனக்கு வேலை நேரம் இல்ல செல்லம். மேல என் படுக்கையில இருந்தேன்."

"படுக்கையில என்ன பண்ணிட்டு இருந்த?" அக்கா விடவில்லை.

"தூங்கிட்டு இருந்தேன்."

"மணி அடிச்சாங்கல்ல?"

"அடிச்சிருப்பாங்க. நான் எழுந்தப்ப தீய அணைச்சு முடிச்சு காப்பி குடிச்சிட்டு இருந்தாங்க."

"பார்த்துக்க" என்றாள் பெர்பெத்துவா பிள்ளையிடம். "பள்ளிக்கூடத்துல பூகம்பம் வந்தப்பவும் பெஞ்சுல தூங்கினவன். இவனைக் காப்பாத்த நாய் வேணாம். தலகாணி போதும்."

தேயாவின் உதடு நெளிந்தது. அழப்போகிறாள் என்று மாரிவிக் கை நீட்டினாள். பிள்ளை சிரித்தாள். மூக்கு வழியாக, கிறீச்சென்று, கூண்டு நாய்களெல்லாம் குரைக்கும்படி. பின்னால் கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது.

அந்த இரைச்சலில் வென்செஸ்லாவின் செருப்பு வாரை ஏதோ இழுத்தது. குனிந்து பார்த்தார்கள். நீள உடம்பும் குட்டைக் காலுமாக ஒரு டாக்ஸ்ஹுண்ட் குட்டி, திறந்து கிடந்த கூண்டிலிருந்து வந்து, வாரில் பாதியை மென்று முடித்திருந்தது. தேயா உட்கார்ந்து அதன் வாயிலிருந்து தோல் துண்டைப் பிடுங்கினாள். அது விடவில்லை. இருவரும் இழுத்தார்கள்.

"இது அழகாவே இல்லையே" என்றாள் மாரிவிக். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னதால் அதில் வழக்கமான உறுதி இல்லை.

"பெஞ்சு மாதிரி இருக்கு" என்று பெர்பெத்துவா ஒப்புக்கொண்டாள். "தரையோட தரையா போகும், கட்டிலடி பூரா அதுக்குத்தான். இனிமே யாரும் எதையும் ஒளிச்சு வெக்க முடியாது. இதையே குடுங்க."

போகும்போது கடைசிக் கூண்டைக் காட்டினாள். "அந்தக் குட்டிய இன்னிக்கே மருத்துவர்கிட்டக் கொண்டு போங்க. நாளைக்குச் சந்தைக்குப் போறப்ப வந்து பார்ப்பேன். போகலைன்னா, என் கடையில ஜீப்னிக்காரங்க இருவது பேர் காலையில சாப்பிடறாங்க. அவங்களுக்குப் பேச விஷயம் வேணும்."

வென்செஸ்லாவ் கொண்டுபோனார். குட்டி பிழைத்தது, கொரியக் கோப்பையின் பேரன் என்று யாரோ வாங்கியும் போனார்கள்.

மாரிவிக் வீட்டுக்கு வந்து சொன்னபடி திட்டினாள். பெர்பெத்துவா வெங்காயம் உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள். நடுவில் ஒரே ஒரு முறை, "அத ஏற்கெனவே சொல்லிட்ட" என்றாள்.

தென்சியோ கப்பல் ஏறிய மூன்றாம் வாரம் நாய் வாந்தி எடுத்தது. பாங்கோ என்று பெயர் வைத்திருந்தார்கள், பெஞ்சு என்று அர்த்தம். நத்திவிதாத் வாசலுக்கே வந்துவிட்டாள். "ஐயோ, தென்சியோ இருக்கற கடல்ல புயலாமே!" என்று கையில் மெழுகுவர்த்தியைத் தயாராக வைத்திருந்தாள். பெர்பெத்துவா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். ஆனால் அவளுக்கு வேலை இருக்கவில்லை.

"துணி சோப்பு தின்னுச்சு" என்றாள் தேயா. நாயைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள். "வாயிலேர்ந்து நுரை வருது, பாருங்க. புயல் வந்தா சோப்பு வாசனையா வரும்? கொஞ்சம் வழி விடுங்க, டாக்டர்கிட்டப் போகணும்." நாயின் மூக்கில் ஒரு சுண்டு சுண்டினாள். "மூளைன்னு ஒண்ணு இருக்கா உனக்கு? ருசி பார்த்தேல்ல? பார்த்துட்டும் முழுங்கினியா?"

அந்தக் குரலைக் கேட்டு ஜீப்னிக்காரர்கள் கிண்ணத்திலிருந்து தலை தூக்கினார்கள்.

இரவு தென்சியோ அலைபேசியில் வந்தான். மாரிவிக் எழுதிப்போட்டதைப் பார்த்திருக்கிறான். அலையில் கப்பல் ஆட, முகம் வெளுத்திருந்தது. "செல்லம், நாய் எப்படி இருக்கு? செத்துட்டா... இல்ல, சும்மா கேக்கறேன்... இங்க காத்து கொஞ்சம் பலமா இருக்கு..."

தேயா அலைபேசியைத் தாழ்த்தி, கட்டிலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த பாங்கோவைக் காட்டினாள். பிறகு தன் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள்.

"சோப்பைத் தின்னுச்சு அப்பா. அவ்வளவுதான். நீங்க போய்த் தூங்குங்க."