முழுப்பெயரும் ஓர் அடைப்புக்குறியும்: யூஜினுக்காக

செய்தி வட்ஸ்அப்பில்தான் வந்தது. எங்கள் பழைய அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. பெருநாள் வாழ்த்தும் வேலைவாய்ப்பு விளம்பரமும் தவிர அதில் வேறொன்றும் வராது. அன்று காலை வெள்ளவத்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது அதில் யூஜினின் படம் வந்தது. களுபோவில ஆஸ்பத்திரியில் மாரடைப்பால் காலமானார் என்று கீழே எழுதியிருந்தது. கைகூப்பும் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அவற்றுக்கு நடுவே ஒருவர் கேட்டிருந்தார்: "அப்ப அந்தக் கேஸ் என்னாகும்?" எனக்கு ஆத்திரத்தில் கண் மங்கியது. செத்த மனிதனின் படத்துக்குக் கீழே கேட்கிற கேள்வியா அது? ஆனால் மீன் பையோடு வீடு வந்து சேர்வதற்குள் நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

யூஜினை அறிந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது எதுவுமில்லை. வழக்கை மட்டும் அறிந்தவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குக் கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே கலியாணம் கட்டியவர். தனியார் கிளினிக்குகளில் வைத்தியரைப் பார்க்க இணையத்தில் இலக்கம் எடுக்கும் மென்பொருளை எங்கள் நிறுவனம் செய்தது. அவர் அதை எழுதுபவர்களில் ஒருவர். எழுதியதைச் சோதித்துப் பிழை பிடிப்பது என் வேலை. அப்படிப்பட்ட இருவர் சண்டை பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். ஒருமுறை அவருடைய பிழை ஒன்றை "சின்னப் பிழை" என்று நான் எழுதிவிட்டேன் என்பதற்காக ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிழையில் சின்னது பெரியது இல்லையாம். கோபம் தீர்ந்ததும் சீனி அள்ளிப் போட்ட தேநீரோடு என் மேசைக்கு வந்து, ஒன்றுமே நடவாதது போல, "என்ன, நீர் இன்னும் சாப்பிடேல்லையோ?" என்று கேட்டார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதைச் சோதித்தாலும் பிழையான விடையில்தான் தொடங்குவார். நாங்கள் எல்லோரும் முதலில் சரியான பெயரை, சரியான திகதியை அடித்து, வேலை செய்கிறது என்று சந்தோசப்படுவோம். அவர் பின்னால் நின்று தலையை ஆட்டுவார். "சரியானதை எல்லாரும் அடிச்சுப் பாப்பினம். பிழையானதைக் குடுத்துப் பாரும். பிழை எண்டு சொல்ல அதுக்கு எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு பாரும்." நேரத்தைப் பார்க்க வேண்டும் என்று அதற்கு முன் எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

பெயர் எழுதும் பெட்டியில் அவர் கண்டுபிடித்ததும் அப்படித்தான். எழுதிய பெயர் ஒழுங்கான வடிவில் இருக்கிறதா என்று பார்க்க, வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்கிய பகுதியில் ஒரே ஒரு வரி இருந்தது. அந்த மாதிரி வரியை எங்கள் தொழிலில் ரெஜெக்ஸ் என்போம். எழுத்துகள் வரலாம், அவற்றுக்குப் பிறகு ஒரு புள்ளியோ இடைவெளியோ வரலாம், வராமலும் விடலாம், இந்தத் துண்டு எத்தனை தரமும் திரும்பி வரலாம் என்று அந்த வரி சொன்னது. கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் புள்ளி கட்டாயமில்லை என்றால் ஒரு நீளப் பெயரை எந்த இடத்திலும் வெட்டித் துண்டாக்கலாம். பெயர் சரியாக முடிந்தால் முதல் வெட்டிலேயே வேலை முடிந்துவிடும். கடைசியில் ஆகாத குறி ஒன்று வந்துவிட்டால், பிழை என்று சொல்வதற்கு முன் அது எல்லா வெட்டுகளையும் வெட்டிப் பார்க்கும். ஓர் எழுத்துக் கூடினால் வேலை இரட்டிக்கும். எங்கள் ஆட்களின் முழுப்பெயர்களுக்கு அது முடியவே முடியாது. அந்த ஒரு பெயரை வெட்டிக்கொண்டே கணினி நிற்கும், பின்னால் வந்தவர்கள் எல்லோரும் காத்துக்கிடப்பார்கள்.

ஆகாத குறி எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் கலியாணம் முடித்த பெண்கள் படிவம் நிரப்புவதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? பெயரை எழுதி, பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி திறந்து, மிஸிஸ் என்று போட்டு மூடுவார்கள். பள்ளிக்கூடப் படிவம், வங்கிப் படிவம், கோயில் பற்றுச்சீட்டு எல்லாவற்றிலும் அப்படித்தான். என் அம்மா இன்றும் அப்படித்தான் எழுதுகிறா. அந்த வரியை எழுதிய வெளிநாட்டுக்காரனுக்கு இது எப்படித் தெரியும்?

கூட்டத்தில் யூஜின் இதைச் செய்து காட்டிய நாளை நான் மறக்கமாட்டேன். எங்கள் முகாமையாளரிடம், "சேர், உங்கட அம்மான்ர முழுப்பேர் என்ன?" என்று கேட்டார். அவரும் பெருமையோடு, தகப்பன் பெயரும் சேர்த்து, மூச்சு வாங்காமல் சொன்னார். யூஜின் அதை அப்படியே ஆங்கில எழுத்தில் அடித்து, முடிவில் அடைப்புக்குறிக்குள் மிஸிஸ் போட்டு, பொத்தானை அமத்தினார். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. நாங்கள் தேநீர் குடித்து முடித்தோம், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அம்மான்ர பேரை வச்சே விளையாடுறீர்?" என்றார் முகாமையாளர். "இப்பிடி ஆர் அடிக்கப்போகினம்?"

"எங்கட சனம் முழுக்க இப்பிடித்தான் சேர் அடிக்கும்."

"இது காசு குடுத்து வாங்கின சாமான். உள்ளுக்கை கை வைக்க ஏலாது. ஆக்கள் இனிஷியலோடதானே எழுதுகினம், அதுக்கு ஒண்டும் ஆகாது."

அது உண்மைதான். அப்போது ஆட்கள் இனிஷியலோடு சுருக்கமாகத்தான் எழுதினார்கள். குட்டிப் பெயரை வெட்டிப் பார்க்கக் கணினிக்குக் கண் மூடித் திறக்கிற நேரம்கூட ஆகாது. யூஜின் அடுத்த கூட்டத்திலும் சொன்னார், அதற்கடுத்த கூட்டத்திலும் சொன்னார். ஒப்பந்தம் முடிந்தபோது அவருக்குப் புது ஒப்பந்தம் கொடுக்கவில்லை. காரணம் ஒருவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்டுத் தெரிய வேண்டியிருக்கவில்லை. சில மாதங்களில் நானும் விலகி வேறு இடத்துக்குப் போனேன்.

அதன் பிறகுதான் அந்த நிறுவனம் ஒரு புது விதி கொண்டுவந்தது: அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர் எழுத வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒரு கொமியூனிகேசன் கடை இருக்கிறது. ஃபோட்டோ கொப்பி எடுப்பது, கைத்தொலைபேசிக்கு ரீலோட் போடுவது, இணையம் தெரியாதவர்களுக்கு இலக்கம் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அங்கே நடக்கும். ஒரு காலை, கடைக்காரப் பெண் வயதான அம்மா ஒருவரின் அடையாள அட்டையைப் பார்த்து முழுப்பெயரையும் அடித்து, வழக்கம்போல் மிஸிஸும் போட்டாள். வட்டம் சுற்றியது. சுற்றினால் நாம் என்ன செய்வோம்? திரும்ப அமத்துவோம். அவளும் அமத்தினாள், அமத்திக்கொண்டே இருந்தாள். ஒவ்வோர் அமத்தலுக்கும் கணினியின் இன்னொரு பகுதி அந்தப் பெயரில் மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் நாடு முழுக்க ஒருவருக்கும் இலக்கம் எடுக்க முடியவில்லை.

நிறுவனம் பொலிஸில் முறையிட்டது. வெளியிலிருந்து தாக்கிவிட்டார்கள் என்றது. இந்தப் பலவீனத்தை அறிந்தவர் யூஜின். கோரிக்கைகள் வந்த இடம் கொட்டாஞ்சேனை. யூஜினின் வீடும் கொட்டாஞ்சேனை. எல்லாவற்றுக்கும் மேலாக, இணையத்தளம் நின்ற சில நிமிடங்களுக்குள் அவரே முகாமையாளருக்குத் தொலைபேசி எடுத்து, என்ன நடந்தது என்று சொல்லியிருக்கிறார். செய்தவனுக்கல்லாமல் வேறு யாருக்கு அவ்வளவு சுறுக்காகத் தெரியும்?

பொலிஸ் ஜீப் யூஜினின் வீடு இருந்த சின்ன ஒழுங்கைக்குள் வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். மடிக்கணினியைக் கொண்டுபோனார்கள், பாஸ்போர்ட்டை நீதிமன்றம் எடுத்துவைத்தது, பிணை கிடைத்தது. வேலை கேட்டுப் போன இடமெல்லாம் முதலில் சிரித்துப் பேசினார்கள், பிறகு பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. ஞாயிறு பூசைக்குக் கோயிலில் பக்கத்து வாங்கில் இருப்பவர்கள் தள்ளி இருக்கத் தொடங்கியதும் மெட்டில்டா அக்கா, அவருடைய மனைவி, களுபோவிலவில் ஒரு வாடகை வீடு பார்த்தா. பிறந்த ஊரை விட்டு அவர் போனது அப்படித்தான்.

கடைக்காரப் பெண்ணைக் கண்டுபிடித்ததும் அவர்தான். கொட்டாஞ்சேனைக் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, அந்தக் காலை யாருக்காவது வட்டம் சுற்றியதா என்று கேட்டிருக்கிறார். அவளுக்கு நல்ல ஞாபகம் இருந்தது. ஆனால் சாட்சி சொல்லக் கூட்டிப்போக அவரும் நானும் போனபோது அவள் கும்பிட்டாள். "கோட்டுக்கெல்லாம் வர ஏலாதுங்க அண்ணே. நான்தான் செஞ்சேன்னு என்னையப் புடிச்சா என் புள்ளைங்கள யாரு பாக்கிறது?" யூஜின் அவளை வற்புறுத்தவில்லை. வெளியே வந்து நடந்துகொண்டே, "அவ சொல்லுறது சரிதானே. என்னையே பிடிச்சவங்கள் அவவை விடுவாங்களோ?" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இன்றும் அந்தக் கோபம் போகவில்லை. கொஞ்சம் கெஞ்சியாவது பார்த்திருக்கலாம்.

ஆகவே மிஞ்சியது நான் ஒருத்தி. தளம் நின்ற காலை அவர் என்னோடுதான் இருந்தார். முகாமையாளருக்கு அந்த அழைப்பை எடுத்ததும் என் பக்கத்தில் இருந்துதான். "நீங்கள்தான் முக்கிய சாட்சி. பதறாமல் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கோ, அது காணும்," என்றார் சட்டத்தரணி. நல்ல மனிதர். ஆனால் ரெஜெக்ஸைப் பற்றி யூஜின் விளக்கத் தொடங்கினால், "இதை நீதவானுக்குச் சொன்னா அவற்ற மத்தியானச் சாப்பாடு போயிடும்," என்று நிறுத்திவிடுவார்.

வழக்குத் தவணைக்குத் தவணை புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போனோம். மடிக்கணினியைப் பரிசோதித்த அறிக்கை வரவில்லை என்று வழக்கு தள்ளிப்போகும். அடுத்த தவணைக்கும் அறிக்கை வராது. சாட்சி சொல்லவென்று நல்ல சேலை உடுத்திப் போய், வாங்கில் இருந்துவிட்டுத் திரும்பி வருவேன். பக்கத்துக் கடையில் இடியப்பம் தின்றுகொண்டே யூஜின் ஒருநாள் சொன்னார்: "அந்தச் சனியன் பிடிச்ச வரி இருக்கெல்லோ, அது பிழை எண்டு சொல்ல முந்தி எல்லா வழியையும் பாக்கும். மனிசர் ஒரு வழியும் பாக்கிறேல்லை." அதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு பிறகு அவர் அதிகம் கதைக்காமலே போனார். முகம் வீங்கி, நீதிமன்றப் படிகளை மூச்சு வாங்க ஏறினார். வைத்தியரிடம் போகச் சொன்னால், "இலக்கம் எடுக்க வேணுமே," என்று சிரிப்பார். அது பகிடி இல்லை என்று எனக்கும் தெரியும்.

செத்தவீடு முடிந்த பின் வந்த தவணைக்கு மெட்டில்டா அக்காவும் நானும் போனோம். மரணச் சான்றிதழைச் சட்டத்தரணி கொடுத்தார். பெயரைக் கூப்பிட்டார்கள், எதையோ எழுதினார்கள், அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்ததும் அக்கா கேட்டா: "அப்ப, அவர் செய்யேல்லை எண்டு எழுதினவையோ?"

"அப்பிடி எழுத மாட்டினம் அம்மா," என்றார் சட்டத்தரணி. "குற்றஞ்சாட்டப்பட்ட எதிரி இறந்திட்டார், வழக்கு முடிஞ்சுது எண்டு எழுதுவினம்."

"செய்தவர் எண்டும் எழுதேல்லையோ?"

"அதுவும் இல்லை."

"அப்ப சனம் நினைக்கிறதுதான்," என்று சொல்லிவிட்டு அக்கா பஸ் தரிப்புப் பக்கம் நடந்தா.

அந்தத் தளம் இன்றும் இயங்குகிறது. போன கிழமை பார்த்தேன். வரி மாறவில்லை. பெயர்ப் பெட்டிக்குக் கீழே சிவப்பு எழுத்தில், பொத்தானை ஒருமுறைக்கு மேல் அமத்த வேண்டாம் என்று ஓர் அறிவித்தல் மட்டும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். ஒரு மனிதனின் மானத்தைக் கொடுத்து வாங்கியது அந்த ஒரு வசனம்.

யூஜினை அறிந்த உங்களிடம், நீதிமன்றம் கேட்காமல் விட்ட சாட்சியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் புது அலுவலகத்தில் வேலை கிடைக்குமா என்று விசாரிக்க, தளம் நின்ற அன்று காலை, அவர் கொட்டாஞ்சேனையை விட்டு நகரின் மறுபக்கத்துக்கு, வெள்ளவத்தைக்கு, வந்திருந்தார். சைவக் கடையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போது என் சித்தி அழைத்து, கிளினிக்குக்கு இலக்கம் எடுக்க முடியவில்லை, வட்டம் சுற்றுகிறது என்றா. நான் அதைச் சொன்னதும் அவர் கையிலிருந்த தோசையை வைத்துவிட்டார். "ஐயோ, ஆரோ முழுப்பேரை அடிச்சிட்டினம். வருத்தக்காரர் கிளினிக் வாசலில நிப்பினமே," என்று என் தொலைபேசியைக் கேட்டார். "உங்களை வெளியில விட்டவைதானே, கிடந்து முழிக்கட்டும்," என்றேன். அவர் கேட்கவில்லை. கை கழுவக்கூட இல்லை. இடது கையால் இலக்கத்தை அமத்தினார். மறுமுனையில் எடுத்ததும் அவர் சொன்ன முதல் வசனம், "சேர், நான் யூஜின் கதைக்கிறன்." அதற்குப் பிறகுதான் எதை நிறுத்த வேண்டும், எதைத் திரும்ப இயக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார்.

குற்றம் செய்தவன் தன் பெயரைச் சொல்லிக்கொண்டா தொடங்குவான்? இதை நீதவானிடம் கேட்கத்தான் தவணை தவறாமல் போனேன். யூஜினிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வசனம். அதை இனி எந்த நீதிமன்றமும் என்னிடம் கேட்காது.