ஒட்டுக் கேட்ட இருபது நாள்

நெருக்கடி நிலைக் காலத்தில் நான் காஞ்சிபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஊரில் பலருடைய முகம் எனக்குத் தெரியாது, குரல் தெரியும். கடைவீதியில் யாராவது பேசிக்கொண்டு போனால் அவர் வீட்டு எண் மனதில் வந்து நிற்கும். மத்தியானங்களில் ஹெட்போனுக்குள் குரல்கள் மிதந்து வரும்போது, விழித்தபடியே கனவுக்குள் இருப்பதுபோலத் தோன்றும்.

ஒருநாள் மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நெசவாளர் சங்க வழக்குகளை நடத்திய வக்கீலின் எண்ணைச் சொல்லி, அந்த லைனைக் கேட்க இன்னொரு ஹெட்போன் வேண்டுமென்றார்.

எங்கள் சூப்பர்வைசர் அம்மாள், "எழுத்துல ஆர்டர் இருக்குதா சார்?" என்றார்.

"இப்ப அதெல்லாம் யாரும் கேக்கறதில்லமா."

அம்மாள் என்னைப் பார்க்காமல் சரியென்று தலையசைத்தார்.

வக்கீல் அதிகம் பேசவில்லை. பேசியது அவர் மனைவிதான், பட்டுக்கடை வீட்டில் வாழ்க்கைப்பட்ட தன் தங்கையோடு. அக்காவுக்கு வயிற்றிலிருந்த குழந்தை தங்காமல் போயிருந்தது. "அழுகையே வரமாட்டேங்குதுடி," என்றார் ஒருநாள். வெளியே மழை. மஃப்டிக்காரர் அதையும் எழுதிக்கொண்டார். சோறு வடிக்கும்போதும் அந்தக் குரல் என்னோடிருந்தது.

இருபதாம் நாள் மஃப்டிக்காரர் டீ குடிக்கப் போனபோது வக்கீல் வீட்டு அழைப்பு வந்தது. "அம்மா, உங்க லைன்ல வேற ஆள் கேட்டுக்கினு இருக்காங்க. தங்கச்சிகிட்ட நேர்ல போய்ப் பேசுங்க," என்றேன். அந்த அம்மா போனை வைத்துவிட்டார். அதன்பின் அங்கிருந்து அழைப்பே வரவில்லை. நாலு நாள் காத்திருந்துவிட்டு மஃப்டிக்காரர் போய்விட்டார்.

ஆட்சி மாறியதும் வக்கீல் புகார் கொடுத்தார். பதிவேட்டில் உத்தரவு இல்லை, ஆகவே யாரும் ஒட்டுக் கேட்கவில்லை என்று பதில் வந்தது. அவர் விடாமல் விசாரணை கேட்டு வாங்கினார். எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம். சூப்பர்வைசர் அம்மாள், "நடந்தத சொல்லுமா. தலையாட்டினது நான்தான், அதையும் சொல்லு," என்றார். விசாரணையன்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

வெளியே வராந்தாவில் வக்கீலின் மனைவி நின்றிருந்தார். நான் வாய் திறந்ததும் குரலை அடையாளம் கண்டுகொண்டார்.

"நானுந்தாம்மா கேட்டுக்கினு இருந்தேன்," என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"ஆமாம்மா."

அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கிப் போனார். கூப்பிட நினைத்தேன். கூப்பிடவில்லை.

சில வாரங்களில் இலாகா தவறை ஒப்புக்கொண்டு, வருத்தம் தெரிவித்துக் கடிதம் அனுப்பியது. அது வக்கீல் பெயருக்கு மட்டும் வந்திருந்தது.