தங்கையின் வெறுங்காலுக்குத் தெரிந்த நடுக்கம்

எங்கள் பழைய காரில் வேகம் கூடினால் ஸ்டியரிங் நடுங்கும். டயர்க் கடையில் வீல் பேலன்சிங் செய்தும் நிற்கவில்லை. சாலைதான் காரணம் என்று நானே முடிவு செய்துகொண்டு, கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் உள்ள வேலைக்குத் தங்கையை அதே காரில் தினமும் அழைத்துப் போனேன்.

டேஷ்போர்டில் முருகன் படம் இருப்பதால் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவாள். ஒரு நாள் காலை, வீட்டைத் தாண்டிச் சிறிது தூரத்திலேயே, "அண்ணே, என் காலுக்குக் கீழ தடதடன்னு ஆடுது. உனக்குத் தெரியலையா?" என்றாள்.

"ரோடு அப்படி லா."

"ரோடு நல்லாத்தானே இருக்கு! நீ கால்ல சப்பாத்து போட்டிருக்க, உனக்கு எப்படித் தெரியும்?"

அப்படியே பட்டறைக்குத் திருப்பினேன். மெக்கானிக் இடது முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தார். டக் டக்கென்று சத்தம் கேட்டது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயிண்ட் நன்றாகத் தேய்ந்திருந்தது.

"ஹைவேல கழண்டிருந்தா டயரு மடங்கியிருக்கும், பாஸ்," என்றார். தங்கை உட்காரும் பக்கம் அது. அங்கேயே புதியது மாற்றச் சொன்னேன்.

இப்போது கார் நடுங்கினால் பேலன்சிங்கோடு நான் விடுவதில்லை. தூக்கி அசைத்துப் பார்க்கச் சொல்கிறேன். ஹைவேயில் ஏறும் முன், "கால் என்ன சொல்லுது?" என்று தங்கையிடமும் கேட்டுக்கொள்கிறேன்.